கடைசி ஆளின் பின்னால்

சைக்கிள் யாத்திரைக்குப் பின்னால் வேன் ஓட்டுவது போல ஒரு பாவப்பட்ட வேலை உலகத்தில் கிடையாது. தண்ணீர்க் கேன், வாழைப்பழம், பஞ்சர் சாமான், எல்லாருடைய பைகள் என்று அத்தனையும் ஏற்றிக்கொண்டு, கூட்டத்தில் கடைசியாக வருகிற ஆள் யாரோ அவருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே வர வேண்டும். முந்தக் கூடாது. லிங்கராஜ் அன்றைக்கு அப்படித்தான் ஊர்ந்துகொண்டிருந்தான்.

அன்றைய கடைசி ஆள் ஜானவி. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, வீடு கரமனை அக்ரகாரம். நீண்ட பயணத்துக்கு இதுதான் முதல் தடவை. காட்டாக்கடை தாண்டுவதற்குள் வேனில் ஏறிவிடுவாள் என்று கூட வந்தவர்கள் கேலி பேசியதை லிங்கராஜும் கேட்டிருந்தான். அவளோ நெய்யாறு அணை வரைக்கும் வந்துவிட்டாள். ஏரியைப் பார்த்து மற்றவர்கள் போட்டோ எடுத்து முடித்துக் கிளம்பும்போது மூச்சிரைக்க வந்து சேர்ந்து, இறங்காமலே ஒரு தடவை தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடி மிதித்தாள்.

இன்னொரு நாளாக இருந்தால் லிங்கராஜ் அவளை மெச்சியிருப்பான். இன்று அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விதுரா ஜங்ஷனில் பூமாரி நின்றுகொண்டிருப்பாள்.

பூமாரி அவன் மனைவி. விதுராவுக்கு மேலே மலையில் இருக்கிற போனக்காடு எஸ்டேட்டில் பிறந்தவள். அவளுடைய அப்பா செத்தபோது இவன் யாருடைய கல்யாணக் கோஷ்டியையோ கன்னியாகுமரியில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். அடக்கம் முடிந்த மறுநாள்தான் போய்ச் சேர்ந்தான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பெண்டாட்டி விஷயத்தில் அந்தப் பழமொழி வேலை செய்யாது. அவள் அம்மாவோடு மலையிலேயே தங்கிவிட்டாள். மழைக்காலம் வந்து போயிற்று. இவன் தினமும் இரண்டு பேருக்கு டீ போட்டு, இரண்டையும் தானே குடித்துக்கொண்டிருந்தான். அவள் திட்டுகிற சத்தம் இல்லாத வீட்டுக்குள் நுழையவே பிடிக்கவில்லை.

போன வாரம் போனில் கெஞ்சினான். "சனிக்கெழம அந்த வழியாத்தான் வாரேன். விதுரால நில்லு. நம்ம வீட்டுக்குப் போவோம்."

"மருந்து வாங்க எறங்குவேன். ரெண்டு மணி பஸ்ஸு வார வரைக்கும் நிப்பேன்" என்றாள் பூமாரி. "அதுக்குள்ள வந்தீயன்னா பாப்போம்."

கோட்டூர்க் காட்டோரம் ஏற்றம் தொடங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள் மூடிக்கொண்டு, பகலிலேயே சில்வண்டு கத்தியது. ஜானவி நடக்கிற வேகத்துக்கும் கீழே போய்விட்டாள். சைக்கிள் வளைந்து வளைந்து போனது. விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. லிங்கராஜ் மணியைப் பார்த்தான். இந்த வேகத்தில் போனால் ரெண்டு மணி பஸ் போய்விடும்.

யாத்திரை நடத்துகிற அஜீஷ் வேலைக்குச் சேர்த்த அன்றே மலையாளத்தில் ஒன்று சொல்லியிருந்தான்: "கை காணிக்காதெ கேறான் பறயருது, கேட்டோ." சைக்கிள் ஓட்டுகிறவர் தானே கை காட்டி வேனை அழைக்க வேண்டும். நாமாக 'ஏறுங்கள்' என்று சொல்லிவிட்டால், மிச்சமிருக்கிற பலமும் அந்த நொடியே போய்விடும். லிங்கராஜ் இது வரைக்கும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னான். வேனைப் பக்கத்தில் கொண்டுபோய், "ஏறிக்கிடுதீயளாம்மா?" என்று கேட்டான்.

ஜானவியின் கால் உடனே தரையைத் தொட்டது. சைக்கிளைக் கொடுத்தாள். உள்ளே உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போன பிறகு, "இன்னும் முடியும்னுதான் நெனச்சேன் அண்ணா" என்றாள். அழவில்லை, அழுதிருந்தாலும் தேவலை. அடுத்தவள் வீட்டு அடுப்பிலிருந்து சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் போல லிங்கராஜுக்கு இருந்தது. ஆனாலும் ஆக்ஸிலேட்டரை மிதித்தான். ஆரியநாடு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வழியில் மற்ற சைக்கிள்காரர்களையும் தாண்டினான். தண்ணீருக்காகக் கையை ஆட்டியவர்களுக்குக்கூட நிறுத்தவில்லை.

விதுராவில் மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தாள் பூமாரி. மெலிந்திருந்தாள். வேனை விட்டு இறங்கி ஓடி வந்தவனைப் பார்த்து, முதலில் கடைக்குள் தொங்கிய கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பஸ் இன்னும் வரவில்லை.

"வந்துட்டேன்" என்றான்.

"ம்" என்றாள். அவள் கையில் மருந்துப் பொட்டலமும் ஒரு கிலோ சர்க்கரையும் மட்டும்தான் இருந்தன.

"பையி எங்க? துணிமணி?"

பூமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "வருவீயன்னு நெனைக்கல. ஒண்ணும் எடுத்துட்டு வரல. அம்மைகிட்டயும் சொல்லல. மருந்து கொண்டாருவேன்னு காத்துக் கெடப்பா."

அவன் வாய் திறப்பதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. அஜீஷ்தான். தண்ணீர் இல்லாமல் நடுவழியில் நிற்கிறவர்கள் அவனிடம் புகார் சொல்லியிருப்பார்கள்.

"எடுங்க" என்றாள் பூமாரி. பழகிப்போன குரல் அது. எத்தனையோ ராத்திரிச் சாப்பாட்டின் நடுவே இதே குரலில் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள்.

லிங்கராஜ் போனை எடுத்தான். பேசவில்லை, அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"வாற சனிக்கெழம பையோட வந்து நிப்பேன்" என்றாள்.

"வருவேன்."

"முந்தியும் அப்பிடித்தான் சொல்லுவீய. சொன்னதுக்காவ இல்ல. இன்னைக்கு வந்தீயல்லா, அதுக்காவ நிப்பேன்."

கம்பியின் மேல் இருந்த அவன் விரல்களை ஒரு தடவை அழுத்தினாள். கண்டக்டர் மணியடித்தார். பஸ் மலைப் பக்கம் திரும்பியது.

பார்த்துவிட்டால் ஏக்கம் குறையும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். அது இரண்டு மடங்காகிவிட்டது. ஒரு வாரத்தை எப்படித் தள்ளுவது என்று தெரியவில்லை. வேனில் ஜானவி காத்திருந்தாள். பின்னால் பாதி வழியில் மற்றவர்கள் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். லிங்கராஜ் இன்னும் கொஞ்ச நேரம் அந்த மலைச் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.