ஏரிக்கரையில் இறங்கி வந்த குதிரை

குருத்தோலை ஞாயிறு காலை, தாம்பரத்திலிருந்து வாடகைக்கு வந்த வெள்ளைக் குதிரை, பீர்க்கன்கரணை ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் கழுதையாகிவிட்டது. அன்று வெயிலும் கொஞ்சம் அதிகம்தான்.

குதிரைக்குச் சொன்னவர் ஞானசௌந்தரி டீச்சர். ரோமையருக்கு வரி கட்டியே இடுப்பொடிந்த யூதர்கள், வாளோடு குதிரையேறி வரப்போகும் மெசியாவுக்காகத் தவம் கிடந்ததையும், வந்தவர் கழுதைமேல் வந்ததையும் கோயில் பிள்ளைகளுக்கு வருடாவருடம் பாடம் நடத்துபவரே அவர்தான். பெற்ற மனம் பாடத்தைக் கேட்குமா? போன வருடப் பவனியில் இயேசுவாக வந்த அவர் மகன் பிரிட்டோ, கழுதைமேல் கூட்டத்துக்குள் மறைந்தே போனான். தப்பு செய்தவனைத்தானே கழுதையில் ஏற்றுவார்கள் என்று பக்கத்துத் தெருக்காரர்கள் கேலி வேறு. மறைமலை நகரில் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்து வேஷம் கட்டுகிற பிள்ளை. “எம் புள்ள முகம் இந்த ஊருக்கே தெரியணும்” என்று டீச்சர் ஒரே பிடியாக நின்றார். ஆண்டுதோறும் பவனிக்குக் கழுதை கொடுக்கும் கிளியம்மாளுக்கு வந்ததே கோபம்! “இன்னா டீச்சர், உங்க சாமியே கய்த மேலதான போனாரு? எங்கூட்டு கய்தைக்கு இன்னா கொறச்சல்?” கிளியம்மாள் கும்பிடுவது முருகனை. ஆனாலும் குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

பவனி கிளம்பியது. குதிரைமேல் பிரிட்டோ வானத்துக்கும் பூமிக்குமாக இருந்தான். அவன் முகம் கரண்டுக் கம்பிக் காக்கைகளுக்குத்தான் தெரிந்தது. ஜனங்கள் நீட்டிய ஓலை முழங்காலோடு நின்றது. ஏரிக்கரை திரும்பியதும் குதிரையின் கால்கள் குட்டையாயின, காது நீண்டது, வெள்ளை சாம்பல் நிறமானது. ஓசன்னா பாடியவர்கள் ஒரு வரியையும் விடவில்லை. ஓலை இடுப்பைத் தொட்டது, பிறகு தோளை. “ஐயோ, எம் பொழப்பே போச்சே!” என்று குதிரைக்காரர் தசரதன் கூடவே ஓடினார். வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்க, நடுவே பிரிட்டோ பளிச்சென்று தெரிந்தான்.

முறைத்துக்கொண்டு வாசலில் நின்ற கிளியம்மாளுக்கு நேரெதிரே அவன் முகம் வந்தது. முந்தானையால் அவன் வேர்வையைத் துடைத்துவிட்டார். “இப்பதாண்டா கண்ணு மூஞ்சி தெரியுது. ராசா மாரி கீற!” பின்னால் வந்த டீச்சர் அழுதுவிட்டார். அவருக்கு அத்தனை பெருமை, அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

குதிரை திரும்பக் குதிரையாகவில்லை. தசரதனின் பிழைப்பும் போகவில்லை. பெருங்களத்தூர் மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு இப்போது அந்தக் கழுதையைத்தான் கேட்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் என்றால் கிளியம்மாள் வீட்டுக் கழுதையும் போகிறது. குதிரை வேண்டாமா என்று தசரதன் ஒரு பேச்சுக்குக் கேட்பார். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் வேண்டாம் என்றுவிடுகிறார்கள்: மாப்பிள்ளை முகம் தெரிய வேண்டுமாம்.