செருப்பு என்று பெயர் வாங்கிய கப்பல்

அவளுக்கு வீட்டில் பெயர் பிசின். கணவர் வைத்த பெயர். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் ஆசையாகக் கையைப் பிடிக்கப்போக, கப்பல் ஒட்டிய பசை காயாத அவளுடைய கட்டைவிரலும் அவருடைய சுண்டுவிரலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. வெந்நீரில் கையை நனைத்தபடி இருவரும் சமையலறையில் நின்று சிரித்த சிரிப்பில் மாமியார் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார். "ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும். நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து பிசின்.

தொழில், அழகு நிலையம். வீட்டுக்குக் கீழே இரண்டு நாற்காலி, ஒரு தலை அலசும் தொட்டி, சுவர் முழுக்கக் கண்ணாடி. பொழுதுபோக்கு, மாதிரிக் கப்பல் கட்டுவது. இரண்டுக்கும் நடுவே பெரிய மதில் ஒன்றும் இல்லை. நகம் ராவும் அட்டை கப்பலின் விளிம்பை ராவியது. புருவம் திருத்தும் இடுக்கி, கடுகளவு ஆணியை எடுத்து வைத்தது. பல் போன சீப்பு என்று அவள் எதையும் தூக்கி எறிந்ததில்லை. மிச்சமிருக்கும் பற்களை நறுக்கி ஒட்டினால் மேல்தளத்துக்குக் கைப்பிடிக் கம்பி தயார்.

சின்ன வயதில் அட்டையில் வீடு கட்டினாள், பிறகு பேருந்து, பிறகு பாய்மரக் கப்பல். எல்லாம் அலமாரியில் நிற்பவை. இப்போது தண்ணீரில் ஓடுகிற ஒன்றைச் செய்யவேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது இழுவைப் படகு. துறைமுகத்தில் பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் கரை சேர்க்குமே, குட்டையாக, மூக்கு தூக்கலாக, இடுப்பைச் சுற்றி டயர்களைக் கட்டிக்கொண்டு, அதுதான்.

"உலகத்துல எத்தனை அழகான கப்பல் இருக்கு? இதைப் போய் பிடிச்சியே" என்றார் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர்; வண்டி என்றால் நீளமாக இருக்கவேண்டும் அவருக்கு.

"எனக்கு இதோட மூஞ்சி பிடிச்சிருக்குங்க. யாரு என்ன சொன்னாலும் முட்டிட்டு நிக்கிற மூஞ்சி."

"அப்போ உன் மூஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்கு ஓடிவிட்டார்.

படகின் உடம்பு பாதி உருவானதும் அதைப் படம் எடுத்து, மாதிரி கட்டுகிறவர்களின் இணையக் குழுவில் போட்டாள் பிசின். வினை அங்கேதான் பிடித்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர் கீழே எழுதினார்: "கப்பலா இது? ஒத்தைச் செருப்பு மாதிரி இருக்கு. இன்னொண்ணு எங்கே?" அவ்வளவுதான். சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. ஒருவர் செருப்பின் அளவு கேட்டார். இன்னொருவர் மழையில் ஊறினால் வார் அறுந்துவிடும் என்று கவலைப்பட்டார்.

அவளும் சிரித்துக்கொண்டுதான் படித்தாள். ஆனால் அடுத்த நாள் பசை டப்பாவைத் திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கைப்பேசியைத் திறந்தாள்.

கைப்பேசிக்குள் ஒரு மகான் இருந்தார். பெயர் தெரியாது, முகமும் காட்டமாட்டார். மேசைக்கு மேலே இரண்டு வெள்ளைக் கையுறைகள் மட்டும் வரும். அவை தொட்டதெல்லாம் பொருந்தும். பூசிய சாயம் வழியாது, ஒட்டிய பாகம் கோணாது. குழுவில் எல்லோரும் அவரை 'வெள்ளைக் கையுறை' என்றே சொன்னார்கள். பிசின் சாப்பிடும்போது அவரைப் பார்த்தாள். வாடிக்கையாளருக்குத் தலையில் சாயம் ஊறுகிற இடைவெளியில் பார்த்தாள். மாமியார் தொலைக்காட்சியில் தொடர் பார்க்க, பக்கத்துச் சோபாவில் சுருண்டு, தாடை நெஞ்சில் முட்ட, இவள் கையுறையைப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் தன் படகைப் பார்த்தால் செருப்பாகத்தான் தெரிந்தது.

பிறகு கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்திலிருந்து வலி தோளுக்கு இறங்கி, விரல்நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி மரத்தது. ஒருநாள் ஒரு மணப்பெண்ணின் நெற்றிமுடியை வெட்டும்போது கத்தரி கை நழுவி விழுந்தது. நல்லவேளை, தரையில் விழுந்தது. மணப்பெண் கண்ணாடியில் பார்த்த பார்வையில் பிசினுக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முகம் கழுவி, கால் அமுக்கி, "உடம்பைக் கவனிச்சுக்கோங்கம்மா" என்று புத்தி சொல்லி அனுப்புகிறவள், தன் கழுத்தை யாரோ இரவல் கொடுத்ததுபோல நடத்திக்கொண்டிருந்தாள்.

இயன்முறை மருத்துவர் ஒல்லியான பெண்மணி. அவருடைய விரல்கள் மட்டும் இரும்பு. கழுத்தை அழுத்தியபடியே கேட்டார்: "குனிஞ்சு செய்யற வேலை ஏதாவது உண்டா?"

"கப்பல் கட்டுவேன் டாக்டர். அதனாலதான்னு நினைக்கிறேன். விட்டுடணுமா?"

"கடைசியா எப்போ கட்டினீங்க?"

பிசின் யோசித்தாள். "அது... கொஞ்ச நாளாச்சு. இப்போ மத்தவங்க கட்டுறதைப் பார்க்கறதோட சரி."

"எப்படி உட்கார்ந்து பார்ப்பீங்க? காட்டுங்க."

அவள் நாற்காலியில் சுருண்டு, கைப்பேசியை மடியில் வைத்துக் காட்டினாள். மருத்துவர் பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"அம்மா, கட்டுறதால உங்களுக்குக் கழுத்து வலி வரலை. கட்டுறதைப் பார்க்கிறதாலதான் வந்திருக்கு. போனை ஒதுக்கி வைங்க. மேசையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்குங்க. நடுநடுவே எழுந்து நான் சொல்ற பயிற்சியைச் செய்யுங்க. கப்பலை முடிச்சுட்டு எனக்கும் காட்டுங்க."

பிசின் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தாள். மருந்துச் சீட்டில் கப்பல் கட்டச் சொல்லி எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

கணவர் பணிமனையிலிருந்து மரக்கட்டைகள் கொண்டுவந்து மேசைக் கால்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். கைப்பேசி மாமியாரின் தலையணை உறைக்குள் போனது. "என்னைத் தாண்டித்தான் எடுக்கணும்" என்று அவர் அதன்மேல் தலையை வைத்துக்கொண்டார். பயிற்சிக்கு நேரம் பார்க்கும் பொறுப்பும் அவருடையதே. தொடரில் விளம்பரம் வந்தால் போதும், "எழுந்திரு, எழுந்திரு, விளம்பரம் போட்டாச்சு!" என்று குரல் கொடுப்பார். மருமகள் எழுந்து தோளைச் சுழற்றுவாள், கழுத்தைப் பின்னுக்கு இழுப்பாள். ஒரு வாரத்தில் மாமியாரும் எழுந்து நின்று சுழற்ற ஆரம்பித்தார். தொடரில் மருமகளை மாமியார் வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. இங்கே இருவரும் எதிரெதிரே நின்று கைகளை வானத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

சாயம் அடிக்கும்போது சன்னலைத் திறந்து, முகமூடி போட்டுக்கொண்டாள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் மரியாதையைத் தன் நுரையீரலுக்கும் கொடுத்தாள். விரல் மரப்பு விலகியது. கத்தரி சொன்ன பேச்சைக் கேட்டது.

மோட்டார் ஒன்று தேவைப்பட்டது. கடையில் விற்பவை எல்லாம் விர்ரென்று சுற்றின. அவை பந்தயப் படகுக்குச் சரி. அழகு நிலையத்தில் கால் அமுக்கும் சின்னக் கருவி ஒன்று உறை உடைந்து மூலையில் கிடந்தது. பேட்டரியில் ஓடுவது. அதைப் பிரித்துப் பார்த்தாள். மெதுவாகத்தான் சுற்றியது, ஆனால் விரலால் அழுத்தி நிறுத்தப் பார்த்தால் நிற்கவில்லை. இதுதான். மூக்கால் மோதித் தள்ளுவதற்கு மெத்தை வேண்டுமே? கறுப்புத் தலைமுடி ரப்பர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றினாள். அசல் டயர் தோற்றது.

தலை அலசும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முதல் வெள்ளோட்டம் பார்த்தார்கள். படகு இடப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"தூக்கம் வருதோ?" என்றார் மாமியார்.

கணவர் பையிலிருந்து இரும்பு நட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தார். பிசின் வலப்பக்கம் அடுக்கினாள், மாற்றினாள், நகர்த்தினாள். கடைசி நட்டை வைத்ததும் படகு மெல்ல நிமிர்ந்து, தண்ணீரில் அழுத்தமாக உட்கார்ந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த வாடிக்கையாளர், முகத்தில் அப்பிய பூச்சு காய்ந்து வெடிப்பதையும் மறந்து கைதட்டினார்.

மாதிரி கட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நகரப் பூங்காவின் குளத்தில் கூடுவது வழக்கம். குடும்பத்தோடு கிளம்பினார்கள். தொடரின் முக்கியமான கட்டத்தைத் தியாகம் செய்துவிட்டு மாமியாரும் வந்தார். குளக்கரையில் எள் விழ இடமில்லை. பாய்மரங்கள், பந்தயப் படகுகள், நீர்மூழ்கி ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவே, ஆளைவிட நீளமான ஒரு பயணிகள் கப்பல். சன்னலுக்குச் சன்னல் விளக்கு. தூக்கிவர மூன்று பேர். அதன் பக்கத்தில் கழுத்துப்பட்டை மாட்டிய ஓர் இளைஞன், வியர்த்து வழிந்துகொண்டு நின்றான். கையில் வெள்ளைக் கையுறை.

"அவர்தான்" என்று பிசின் கணவரின் கையைப் பிடித்தாள்.

"ஓ! கழுத்து வலிக்காரரா?"

அவள் படகை இறக்கியதும் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், செருப்பு வந்திருச்சுடா!" நாலைந்து பேர் சிரித்தார்கள். மாமியார் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

பெரிய கப்பல் கம்பீரமாகக் கிளம்பியது. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. குளத்தின் நடுவே போனதும் விளக்குகள் ஒருதரம் துடித்து அணைந்தன. கப்பல் நின்றது. இளைஞன் ரிமோட்டை அழுத்தினான், தட்டினான், குலுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. காற்று வேறு எழும்பியது. செத்த கப்பலை அது மெல்லத் திருப்பி, குளத்துக்குள் துருத்திக்கொண்டிருந்த கருங்கல் படிகளை நோக்கித் தள்ள ஆரம்பித்தது. குளம் ஆழம்; உள்ளே இறங்கத் தடை. ஒருவர் தன் பந்தயப் படகை அனுப்பினார். அது ஈயைப்போல மோதிவிட்டுத் தெறித்து ஓடியது.

இளைஞனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மூணு வருஷ வேலைங்க அது" என்றான், யாரையும் பார்க்காமல்.

மாமியார் மருமகளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "என்னம்மா வேடிக்கை பார்க்கிற? உன் வேலைதானே இது? போய் தள்ளிட்டு வா!"

பிசின் நிமிர்ந்து நின்றாள். ரிமோட்டை நெஞ்சு உயரத்துக்குப் பிடித்தாள். குட்டைப் படகு முக்கிக்கொண்டே அலைகளைப் பிளந்து போனது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் நம்பவும் இல்லை. அது பெரிய கப்பலின் பக்கத்தில் போய் நின்றபோது, யானையின் காதில் ரகசியம் சொல்ல வந்த எலிபோல இருந்தது.

முதலில் நேராக நடுவயிற்றில் முட்டினாள். கப்பல் திரும்பவில்லை, காற்று ஒருபக்கம், படகு மறுபக்கம். படி நெருங்கிக்கொண்டிருந்தது. "பேருந்தைத் திருப்பற மாதிரி! முன்னாடி முனையைப் பிடி!" என்று கணவர் கத்தினார். அதுவும் சரிதான். பின்வாங்கி, கப்பலின் மூக்கோரம் போய், ரப்பர் முகத்தை மெதுவாகப் பதித்து, முழு வேகம் கொடுத்தாள். படகின் பின்னால் தண்ணீர் கொதித்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம் அந்த நீளக் கப்பல், தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி, படியை விட்டு முகத்தைத் திருப்பியது.

கரை முழுக்க ஒரே சத்தம். பிசினுக்கு எதுவும் காதில் விழவில்லை. படகைச் சுற்றிக் கொண்டுபோய்க் கப்பலின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, மறுபடி முட்டினாள். சாய்ந்தால் திருத்தினாள், விலகினால் பிடித்தாள். விரல் மரக்கவில்லை. காற்று கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. கால் அமுக்கும் மோட்டாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அங்குலம் அங்குலமாகக் கப்பல் கரையோரப் புல்லில் வந்து மூக்கை வைத்தது.

பிறகு என்ன நடந்தது என்று அவளுக்கே சரியாக நினைவில்லை. யாரோ கை குலுக்கினார்கள். 'செருப்பு' என்று கத்திய ஆளே படகைத் தண்ணீரிலிருந்து இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வந்தான். "அக்கா, மன்னிச்சிருங்க. இது செருப்பு இல்ல, காளை மாடு" என்றான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த இளைஞன் வந்தான். கையுறையைக் கழற்றியிருந்தான். விரலெல்லாம் சாயக் கறை. ஆள்காட்டி விரலில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. "அந்த வீடியோவுல எல்லாம் சரியா வந்ததை மட்டும்தாங்க போடுவேன்" என்றான், அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து. "இந்த மோட்டார் எங்கே வாங்கினீங்க? இவ்வளவு இழுவை நான் பார்த்ததே இல்லை."

"கால் அமுக்கற மெஷின் தம்பி."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "பிரிச்சுக் காட்டுவீங்களா? நான் கத்துக்கணும்."

"கடைக்கு வாங்க. கழுத்துப்பட்டை போட்டிருக்கீங்களே, அதுக்கும் சேர்த்து ஒரு டாக்டர் அட்ரஸ் தரேன்."

இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லி நாலா பக்கமும் கேட்டார்கள். பிசின் ரிமோட்டைத் தேடினாள். அது ஏற்கெனவே மாமியாரின் கையில் இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கரையோரம் நின்று, நீர்மூழ்கிக்காரரை வழிவிடச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, கொஞ்சம் மெதுவா!"

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியும்."

படகு பெரிதாக ஒரு வட்டம் அடித்தது. பாய்மரங்கள் ஒதுங்கின. பிசின் இடுப்பில் கை வைத்து, தலையை நிமிர்த்தி, குளம் முழுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.