முதலிடத்தில் ஒரு காலி நாற்காலி

"முதல் பரிசை எனக்குக் கொடுங்க. இல்லைன்னா என்னை ரெண்டாவதுன்னு சொல்லாதீங்க."

பரிசைப் பற்றி நடுவர்களிடம் வாயே திறக்கக் கூடாது என்று பியானோ அக்கா முதல் நாளே இவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். போட்டி முழுக்க இவள் வயலினுக்குத் துணையாகப் பியானோ வாசித்தவள் அவள். இப்போது ஒப்பனை அறை மூலையில் நின்று, கண்ணாலேயே 'வேண்டாம்டி' என்றாள்.

நடுவர் குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வருஷம் முதல் பரிசு யாருக்கும் இல்லைம்மா. அந்த உயரத்தை யாரும் தொடலை. உலகப் போட்டிகள்ல இது வழக்கம்தான்."

"எனக்கு முன்னாடி யாரும் இல்லை. ஆனா நான் ரெண்டாவது. காலி நாற்காலிகிட்டயா சார் தோத்தேன்?"

அக்காவுக்குச் சிரிப்பு முட்டியது. இருமலாக்கிக்கொண்டாள்.

"எத்தனை நாட்டுப் பிள்ளைங்க வந்தாங்க. உனக்கு இதுவே பெரிசும்மா" என்றார் தலைவர்.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் 'பெரிசு' கேட்டுக் கேட்டு இவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டத் தட்ட, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பழகிய கை. கிடைத்ததற்கெல்லாம் நன்றி சொல்லியே நாக்கு தேய்ந்துவிட்டது.

மேடை மேலாளர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "தயாரா இருங்கம்மா. கச்சேரியில கடைசி நீங்கதான், முழு ஆர்கெஸ்ட்ராவோட."

பரிசளிப்புக் கச்சேரியைக் கடைசியில் முடித்துவைப்பது முதல் பரிசுக்காரர். அரங்கத்துக் காவலாளிக்குக்கூட அது தெரியும்.

இவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "இடம் எனக்கு, பேரு மட்டும் கிடையாதா?"

"டிக்கெட் வாங்கி ஜனம் உட்கார்ந்திருக்கு. யாராவது முடிச்சுவைக்கணும்ல?"

"அதுக்கு மட்டும் என் உயரம் போதுமாக்கும்."

அவர் குரலைத் தணித்தார். "மேடை ஏறலைன்னா ரெண்டாம் பரிசும் போயிடும். யோசிச்சுக்கோ."

இவள் வயலின் வில்லை எடுத்து, திருகைச் சுற்றி, அதில் கட்டிய குதிரைமுடியைத் தளர்த்தினாள். அதைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது: இன்று வாசிப்பு இல்லை.

"அடியே முசுடு, அம்மாகிட்ட என்ன சொல்லுவே?"

"தோக்கலைன்னு சொல்லுவேன்க்கா."

வயலின் பெட்டியைப் பூட்டித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்தக் காலி நாற்காலியையே வாசிக்கச் சொல்லுங்க சார். அதுதானே முதல்ல வந்துச்சு."

உள்ளே ஆர்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கத் தொடங்கியிருந்தது. மேடைப் படியைத் தாண்டி, பின்வாசலைப் பார்த்து நடந்தாள்.