எழுபதாம் பக்கம்

"நிறுத்தாத, படி," என்றார் அப்பா. அதைச் சொல்வதற்கென்றே ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து விலக்கியிருந்தார்.

மகள் குழாயைச் சரிசெய்துவிட்டு நூலகப் புத்தகத்தைப் புரட்டினாள். இன்னும் பதினோரு பக்கங்கள். இன்று தாண்டுவது கஷ்டம் என்று காலையில் டாக்டர் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சாகக் கிடக்கிறவனுக்குச் சின்னப் பசங்க கதையா?" என்று அத்தை முணுமுணுத்தாள். ஆனால் கதவோரத்தை விட்டு நகரவில்லை.

கதையில், வானம் தெரியாதபடி இரும்புக் கூரை போட்ட ஒரு நகரம். முதல் பாகத்தின் முடிவில், தப்பி ஓடிய பெண்ணுக்கு முன்னால் வெளிக்கதவு வெல்டு வைத்து அடைக்கப்பட்டுக் கிடந்தது. செய்தவன் யார் என்பதுதான் இரண்டாம் பாகம். முப்பது வருஷம் வெல்டராக இருந்த அப்பா எழுபதாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ணோட வாத்தியார்தான்."

"போங்கப்பா! அவளுக்காகக் கண்ணு சிவக்க அழுதவரு அவரு."

"அது அழுகையா? கண்ணாடி போடாம வெல்டு வெச்ச கண்ணுடி அது. எனக்குத் தெரியாதா? பந்தயம். ஓரத்துல 'இவன்தான்'னு எழுது."

"லைப்ரரி புக்குப்பா."

"பென்சில்லதான? அப்புறம் அழிச்சுக்கலாம்."

இன்று, கடைசிக்கு முந்தின பக்கத்தில் அவள் குரல் நின்றது. வாத்தியார் தன் பெட்டியைத் திறந்து வெல்டிங் கருவியை மேசைமேல் வைத்தார்.

"அடப்பாவி!" என்று அத்தை உள்ளேயே வந்துவிட்டாள். "அந்தாளா?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது. "சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கப்பா."

"மூணாவது எப்ப?"

"அடுத்த வருஷமாம்."

கொஞ்சம் யோசித்தார். "கூரையைக் கிழிக்க அவளுக்கு நல்ல வெல்டர் ஒருத்தன் வேணும். பாரு, வருவான்."

கட்டிலிலிருந்து வெயில் விலகும் முன் மூச்சு நின்றது. பார்க்க வந்தவர்களெல்லாம், என்ன இப்படி ஜெயித்தவன் மாதிரி கிடக்கிறான் என்றார்கள். அத்தைக்கும் அவளுக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ரப்பரை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். படியில் உட்கார்ந்து எழுபதாம் பக்கத்தைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடிவிட்டு உள்ளே போனாள்.

நூலகர் தாள்களைத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"யாரும்மா இது, இங்கேயே கதையைப் போட்டு உடைச்சு வெச்சிருக்கிறது?"

பெயர் கேட்டாலே தலைகுனிகிறவள், அறையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள்.

"எங்கப்பா."