ஹெட்போன் துளை இல்லாத பெட்டி

அன்று மாலை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். சோபாவின் ஜன்னலோரத்தில் மாமனார், கையில் டிவி ரிமோட். மறுகோடியில் கொழுந்தன், மடியில் கிடார். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் கணவன். அவனுக்கு எதிரே கொழுந்தனின் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி என்பதால் வீங்கிய கால்களை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தாள். ஐந்தாவது ஆள், இந்த வீட்டு மூத்த மருமகள். அவள் உட்காரவில்லை. வழக்கமாக அவள் நாற்காலி கிடக்கும் மூலையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் குந்தியிருந்தது. வாஷிங் மெஷினுக்குத் தம்பி என்று சொல்லலாம், அவ்வளவு பெரிசு.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிஃப்ட் முடித்து வந்தவள், தோள்பையைக்கூட இறக்கவில்லை. படியேறும்போதே சத்தம் கேட்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "உங்க வீட்டுலதானா?" என்று கேட்டபோது அவளுக்கு முகம் எரிந்தது.

"வாங்க அண்ணி. உங்க கிடாருக்கு இப்பதான் ஸ்ருதி சேத்தேன்," என்றான் கொழுந்தன், விரல்களை நிறுத்தாமலே.

"மூணு வாரமா சேத்துக்கிட்டே இருக்கியே தம்பி, இன்னுமா சேரல?"

அவனுக்கு அது உறைக்கவில்லை. கல்லூரி நாளில் ஒரு பாட்டுக்குழுவில் வாசித்தவன். எதைக் கேட்டாலும் பாடம் எடுப்பான் என்பதால் வீட்டில் அவனுக்கு 'புரொபசர்' என்று பெயர்.

அவள் மின்சார கிடாருக்கு ஆசைப்பட்டதற்கு ஒரே காரணம்தான். வேலையிடத்தில் நாள் முழுக்க மெஷின்களின் உறுமல். வீட்டில் டிவி, குக்கர், கணவனின் போன். இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தப்பும் தவறுமாக, ஒரு ஈ காக்காய்க்கும் கேட்காமல் எதையாவது வாசிக்க வேண்டும். சாதாக் கிடார் என்றால் தெருவுக்கே கேட்கும். மின்சார கிடாரில் அந்த வம்பு இல்லை. ஓவர்டைம் பணத்தைக் கையில் கொடுத்தபோது புரொபசரிடம் இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னாள்: லேசான கிடார், சின்ன ஆம்ப், அதில் ஹெட்போன் மாட்ட ஒரு துளை.

"எனக்குத் தெரியாதா அண்ணி?" என்று போனவன், இரண்டு பேர் பிடித்துத் தூக்கும் பெட்டியோடு வந்தான். அதில் எல்லாத் துளையும் இருந்தது, ஹெட்போனுக்கு மட்டும் இல்லை. கிடாரோ சிவப்பு, இரண்டு பக்கமும் கொம்பு, தோளை இழுக்கும் கனம். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதந்தது. ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தும் தொய்ந்தன. அவற்றை முறுக்கினால் முதல் கம்பி கோபித்துக்கொண்டது. தலையை மூடினால் கால் தெரியும் போர்வைதான். அவள் ஒரு இரவு முழுக்க மல்லாடி, தனக்குக் கை வராது போல என்று நினைத்து அழுதும் விட்டாள். அதிலிருந்து ஸ்ருதி சேர்க்கிறேன் என்று அவன் வர ஆரம்பித்தான். வந்தால் வாசித்துவிட்டுத்தான் போவான்.

அவள் நேராகப் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கூடம் திடீரென்று ஊமையானது.

"ஐயோ அண்ணி! அப்படிப் பிடுங்கக்கூடாது, பெட்டிக்குள்ள இருக்குற ட்யூப் போயிடும்!"

"போகட்டும். கடைக்குப் போன் பண்ணிட்டேன். வாங்கினவர் கையெழுத்தோட ஒரு லெட்டர், கூட பில்லு, தபால்ல அனுப்பினா மாத்தித் தராங்களாம். பில்லு உன் பேர்ல இருக்கு. கையெழுத்துப் போடு."

"எதுக்கு? இது வாழ்நாளுக்கு ஒண்ணு அண்ணி. நீங்க கத்துக்கிட்டு வளர்ந்தப்புறம் இதோட அருமை தெரியும்."

"நான் என்ன புடலங்காயா, கல்லைக் கட்டி வளர்க்க?"

மாமனார் டிவியைப் பார்த்தபடியே சிரித்தார். கணவன் தொண்டையைச் செருமினான்.

"விடேன். சின்னப்பய, ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்."

"சின்னப்பயலா? ரெண்டு மாசத்துல அப்பன் ஆகப்போறான். ஆசை யாருக்குங்க? கேட்டது நான். சம்பாதிச்சது நான். இந்த வீட்டுல ஊறுகாய் பாட்டில் வாங்கினாக்கூட எந்த ஊறுகாய்னு ஒரு வார்த்தை கேக்குறீங்க. இதுக்கு மட்டும் என் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

கணவன் வாயை மூடிக்கொண்டான். புரொபசர் மூடவில்லை. "திருப்பிக் குடுத்தா நஷ்டம் உங்களுக்குத்தான். இப்படி ஒரு பீஸ் கிடைக்காது."

"அப்ப நீயே எடுத்துட்டுப் போ. உன் வீட்டுல வச்சு வாசி. பணத்தை மெதுவாக் குடு."

"எங்க வீட்டுக்கா?" கொழுந்தனின் மனைவி கால்களைப் படக்கென்று கீழே இறக்கினாள். "வேணாங்கா! இதே சிவப்பு, இதே கொம்பு, இதே பெட்டி. நாலு மாசம் முன்னாடியே போன்ல காட்டிக் காட்டி உயிரை எடுத்தாரு. தொட்டில் போட இடமில்ல, இது எதுக்குன்னு நான்தான் முடியாதுன்னேன். கடைசில..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். புரொபசரைப் பார்த்தாள். "கடைசில இங்க கொண்டாந்து வச்சிட்டீங்களா?"

புரொபசர் கிடாரின் கொம்பைத் துடைத்தான், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"ஊரான் வீட்டு நெய்யே," என்றார் மாமனார், ரிமோட்டைக் கீழே வைத்து.

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஒரு இரவு முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. "எனக்குக் கை வராதுன்னு நெனச்சேண்டா," என்றாள். முதல் தடவையாக அவனை 'டா' போட்டாள். "அழுதேன். நீ பக்கத்துல உக்காந்து, பழகப் பழகச் சரியாயிடும்னு சொன்ன. கோளாறு கிடார்லதான்னு தெரிஞ்சே சொன்ன."

"அப்படியில்ல அண்ணி..."

"எப்படியுமில்ல. எந்திரி. மேசைக்கு வா."

அவள் தாளை எடுத்து, ஓரம் மடித்து, நின்றபடியே எழுதினாள். பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தம். எழுதியதை உரக்கப் படித்தாள்: "ஐயா, எங்களிடம் உள்ள கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் அதை வாசிக்க வேண்டியவரைக் கேட்காமல் வாங்கப்பட்டவை. இரண்டையும் எடுத்துக்கொண்டு, பிரிட்ஜ் அசையாத, லேசான கிடார் ஒன்றும், ஹெட்போன் மாட்டும் வசதியுள்ள மிகச் சிறிய ஆம்ப் ஒன்றும் தரவும். தேர்வு செய்ய, வாசிக்கப்போகிறவரே நேரில் வருவார்."

"முதல் வரி வேணுமா அண்ணி?" என்றான் அவன், குரல் இறங்கி.

"அதுதான் வேணும்."

பேனாவை அவன் கையில் திணித்தது அவன் மனைவி. கையெழுத்து விழுந்ததும், "சின்னது வாங்குறீங்கன்னா எந்த மாடல்னு நான்..." என்று ஆரம்பித்தான்.

"ஒரு வார்த்தை பேசாத."

பில்லைக் கடிதத்தோடு சேர்த்து மடித்து உறையில் வைத்தாள். பசை தடவி, உள்ளங்கையால் இரண்டு தடவை ஓங்கி அழுத்தினாள். கடையின் முகவரி எழுதி, தபால்தலையை ஒட்டினாள். நான் போய்ப் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்த கணவனிடம் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி, தெருமுனைத் தபால்பெட்டிக்குத் தானே நடந்தாள். கோபம் இன்னும் காதில் இரைந்துகொண்டிருந்தது. உறையைப் பெட்டியின் வாய்க்குள் தள்ளி, விளிம்பில் சிக்கவில்லையா என்று விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே போய்விட்டது.