அறுந்த இடம்

சயன்ஸ் டீச்சர் தேவகிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆம்பூரில் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அம்மாக்களை வரவழைத்து, கைகோத்து நிற்கவைத்து, அவர்கள் உடம்புக்குள் மின்சாரம் விடப்போகிறாளாம். அந்த முப்பத்து மூன்றாம் வருஷத்தில் எங்கள் தெருவில் மின்சார விளக்கே வந்திருக்கவில்லை.

அவளுக்கும் வேறு வழியில்லை. பெண்களுக்கு சயன்ஸ் எதற்கு, அந்த நேரத்திலும் தையலே சொல்லிக்கொடுக்கலாம் என்று மானேஜர் சீனிவாசன் முடிவு கட்டியிருந்தார். தையல் டீச்சர் நான்தான், எனக்குச் சந்தோஷம்தான். தேவகி அவரிடம் போய், ஒரு தடவை அம்மாக்கள் வந்து பார்க்கட்டும், வேண்டாமென்றால் நானே போய்விடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். "எங்க வீட்ல சரின்னா எனக்கும் சரி" என்றார் அவர். அவர் வீட்டில் என்றால் அவர் மனைவி ரங்கம்மாள். ரங்கம்மாள் எதற்காவது சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

வேலூரில் ஒரு டாக்டர் வாத நோய்க்காரர்களுக்காக வைத்திருந்த பழைய மின்சாரப் பெட்டியைத் தேவகி இரவல் வாங்கி வந்திருந்தாள். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. இரண்டு ஒயர்களின் நுனியில் பித்தளைக் குழாய்கள். வரிசையாகக் கைகோத்து, முதல் ஆள் ஒரு குழாயையும் கடைசி ஆள் மறு குழாயையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடியைச் சுற்றினால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சுர்ரென்று இழுக்கும். நடுவில் ஒரு கை விட்டுப்போனால் யாருக்குமே இழுக்காது.

ஆண்கள் யாரும் வராமல் வாசலை அடைத்திருந்தோம். வந்த அம்மாக்களில் அஜீஸுன்னிசா புர்காவைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றார். ரங்கம்மாள் பட்டுப் புடவையில் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

குப்பம்மாள். தோல் பதனிடும் ஷெட்டில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். அவள் மகளுக்கு வகுப்பில் தனிப் பெஞ்சு. அதைப் போடச் சொன்னதே ரங்கம்மாள்தான். தேவகி வேண்டுமென்றே இப்படி நிறுத்தினாளா, தானாக அமைந்ததா, எனக்குத் தெரியாது. ரங்கம்மாள் முகத்தைச் சுளித்தார். ஆனால் இத்தனை பேர் பார்க்க இடம் மாறுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது, அங்கேயே நின்றார்.

தேவகி சுற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேகமாகச் சுற்றினாள். அப்போதும் இல்லை.

"ஏம்மா, பெட்டி பேஜார் பண்ணுதா?" என்றார் அஜீஸுன்னிசா.

தேவகிக்கு வியர்த்துவிட்டது. ஆனால் குரல் தளரவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்து, "பெட்டி நல்லாத்தான் இருக்கு. நடுவுல எங்கயோ அறுந்திருக்கு. எங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

ரங்கம்மாளின் மகள் வேதவல்லி எழுந்தாள். "பாதிப் பாதியா பார்க்கலாம் டீச்சர். முதல்ல இந்தப் பக்கத்துப் பாதி மட்டும் குழாயைப் புடிக்கட்டும்."

அந்தப் பாதிக்குச் சுரீரென்று இழுத்தது. அஜீஸுன்னிசா அலறிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மறு பாதிக்கு இழுக்கவில்லை. வேதவல்லி அதையும் பாதியாக்கினாள். தப்பியவர்கள் ஒவ்வொருவராக விலகி நின்றார்கள். இது எங்கே போய் முடியும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் ரங்கம்மாளும் குப்பம்மாளும் மட்டும் ஆளுக்கொரு குழாயோடு நின்றார்கள். அவர்கள் கோத்த கை புடவை மடிப்புக்குள் மறைந்திருந்தது.

"இவங்க ரெண்டு பேர் நடுவுலதான்" என்றாள் வேதவல்லி, கணக்குக்கு விடை கிடைத்த சந்தோஷத்தில்.

எல்லாரும் ரங்கம்மாளைத்தான் பார்த்தோம். நன்றாக மாட்டிக்கொண்டீர்களா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"நான்தாம்மா" என்றாள் குப்பம்மாள்.

முந்தானையை நாலாக மடித்துத் தன் கைமேல் சுற்றியிருந்தாள். "பட்டை இடிக்கிற கை. எவ்ளோ தேச்சாலும் நாத்தம் போவல. அம்மா கைல ஒட்டிக்கும்னு துணி சுத்திக்கினேன். இதுக்காக என் பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. குப்பம்மாள் துணியைப் பிரித்தாள். மணிக்கட்டுவரை கறையேறிய கை. அதை நீட்டி ரங்கம்மாளின் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். தேவகி சுற்றினாள்.

இப்போது இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை.

வேதவல்லி பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். "அம்மா, நீயும் துணி வெச்சிருக்கியே."

பட்டு முந்தானை ரங்கம்மாளின் விரல்களைச் சுற்றி இறுக்கியிருந்தது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள். குப்பம்மாள் அந்தப் பட்டு முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்லம்மா, நீங்க வெச்சிக்கோங்க" என்றாள். அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரங்கம்மாள் குழாயை வீசிவிட்டுப் போய்விடுவார், அத்தோடு தேவகியின் வேலை போகும், அவள் வகுப்பு நேரம் எனக்கு வரும். சத்தியமாக அந்த நேரம் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

"எடும்மா. அப்பத்தான் ஓடும்" என்றாள் வேதவல்லி. அவள் குரலில் குற்றம் சொல்வதே இல்லை. பாடம் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ரங்கம்மாள் மகளைப் பார்த்தார். முந்தானையை உதறிவிட்டு வெறும் கையை நீட்டினார்.

தேவகி சுற்றினாள். இரண்டு பேருக்கும் தோள்வரை தூக்கிப்போட்டது. இந்த மின்சாரம் ஓடும்போது விரல்கள் தானாக இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விட முடியாது. தேவகி தேவைக்கு மேலேயே சுற்றினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், தடுக்கவில்லை.

பிறகு நிறுத்தினாள்.

குப்பம்மாள் தன் விரல்களைத் தளர்த்தினாள். "மெஷின் நின்னுடுச்சும்மா. கைய விட்டுடலாம்."

"தெரியுது" என்றார் ரங்கம்மாள். குப்பம்மாளின் கையை விடாமலே தேவகி பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் என்ன பாடம்?" என்று கேட்டார்.