பதினாலு சேவல்கள்

"எத்தனை?"

"பதினாலு."

"நெசமாவா? போன வருஷம் நான் எண்ணினப்போ ஒன்பதுதானே?"

"எனக்கென்ன கண்ணு தெரியாதா? ரெண்டு தடவை எண்ணினேன்."

"அடி சக்கை! வால்ல ரெண்டு இறகு இல்லாம ஒரு கிழட்டுச் சேவல் இருக்குமே, அவன் வந்திருந்தானா?"

"வந்தான், வந்தான். உன்னை மாதிரியே நொண்டிக்கிட்டு ஆடினான்."

கட்டிலில் கிடந்த ஆரின் சிரித்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் முகத்தில் பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவர் மனைவி வெர்லீன் பொய் சொன்னாள். உண்மையில் அன்றைக்கு அவள் ஒரு சேவலைக்கூடப் பார்க்கவில்லை.

அது நடந்து மூன்று வருடமாகிறது. இன்றும் விடிவதற்குச் சற்று முன்பே மேட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே சேஜ் என்ற சாம்பல்நிறப் புதர்களுக்கு நடுவில் வெறும் தரை. முன்பெல்லாம் ஏப்ரல் பிறந்தால் அந்தத் தரையில் கால் வைக்க இடமிருக்காது. காட்டுக்கோழிச் சேவல்கள் பெட்டைகளை மயக்க நெஞ்சுப் பைகளை ஊதி, வாலை விசிறியாக விரித்து, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஆடும். பெட்டைகள் துணிக்கடைக்குள் நுழைந்த பெண்களைப் போல, எதுவும் பிடிக்காத முகத்தோடு நடுவே நடந்து போகும். இப்போது காற்றுகூட இல்லை. மேட்டுக்கு அப்பால் தோண்டிய எரிவாயுக் கிணறுகளாலா, கிழக்குச் சரிவை எரித்துப்போட்ட தீயாலா, மழையே பெய்யாத இரண்டு வசந்தங்களாலா, எதனால் அவை வராமல் போயின என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

சூரியன் நன்றாக மேலே வரும்வரை காத்திருந்துவிட்டு, வனவிலங்குத் துறை கொடுத்த தாளில் பூஜ்யம் என்று எழுதினாள். அரசாங்கத்துக்கு எப்போதும் உண்மையைத்தான் எழுதினாள். கட்டிலில் கிடப்பவருக்கு மட்டும் பதினாலு, பன்னிரண்டு, பதினாறு என்று ஏற்றி இறக்கி, நம்புகிற மாதிரி ஒரு கணக்குச் சொல்லிவந்தாள்.

திரும்பி வந்தபோது மாட்டுக்கொட்டிலருகே மகள் டெஸ் புல்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆரின் விழுந்த நாளிலிருந்து பண்ணையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"இந்த வருஷம் அப்பாகிட்ட எத்தனைம்மா? நூறுன்னு சொல்லிடேன். இதுல எதுக்குக் கஞ்சத்தனம்?"

"வாயை மூடு, டெஸ்."

"மூடிக்கிட்டுத்தானே இருந்தேன் இத்தனை நாளும். புல்கட்டு இன்னும் பத்து நாளைக்குத்தான் வரும். கீழ எங்கேயும் பச்சையே காணோம். மேல என்னடான்னா போன வருஷத்துப் புல்லு முழங்கால் உசரத்துக்குச் சும்மா நிக்குது. இல்லாத கோழிக்கு."

மேல்நிலத்தில் ஜூலை வரைக்கும் மாடு மேயக் கூடாது என்பது ஆரின் போட்ட சட்டம். உயரமான புல்லின் மறைவில்தான் பெட்டைகள் முட்டையிடும். குஞ்சுகள் தவறி விழுந்தால் ஏறி வரட்டும் என்று தண்ணீர்த் தொட்டிகளுக்குள் பலகைச் சரிவு வைத்தவர் அவர். தாழப் பறக்கும் பறவைகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க, வேலிக்கம்பி நெடுக வெள்ளைத் துண்டுகளை மாட்டியவர்.

"அப்பாவால தாங்க முடியாதுடி" என்றாள் வெர்லீன்.

"பொய் சொன்னது நீ. பட்டினி கிடக்கப்போறது மாடு. திங்கட்கிழமை மேல்கேட்டைத் திறக்கணும். இல்லேன்னா நாப்பது பசுவைக் கன்னோட சந்தைக்கு ஏத்தணும்." டெஸ் கையுறையைக் கழற்றினாள். குரல் தணிந்தது. "அதுங்களோட தாய், தாயோட தாய் எல்லாம் அப்பா கையாலதான்மா பொறந்துச்சு. அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

வெர்லீன் காப்பியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"எத்தனை?" என்றார் ஆரின்.

கோப்பையை அவருடைய நல்ல கைப்பக்கம் வைத்தாள். நின்றபடியே சொல்லிவிட நினைத்தாள். முடியவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் இல்லே, ஆரின். இன்னிக்கும் இல்லே, அதுக்கு முன்னால மூணு வருஷமும் இல்லே. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை."

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"பதினாலு கொஞ்சம் ஜாஸ்தின்னு அன்னிக்கே நெனச்சேன்."

"என்னது?"

"காத்தில்லாத காலையில அதுங்க போடற சத்தம் இந்தக் கட்டில் வரைக்கும் கேக்கும். நாப்பத்தஞ்சு வருஷம் கேட்டிருக்கேன். எனக்குக் கையும் காலும்தான் போச்சு, கிழவி. காது போகலே."

வெர்லீனுக்கு முதலில் வந்தது கோபம்தான். "தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டே? கிழட்டுச் சேவல் வந்தானான்னு வேற? அந்தக் குளிர்ல உக்காந்துட்டு, வர்ற வழியெல்லாம் என்ன நம்பர் சொல்றதுன்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டேனே, பாவி!"

"நீ நல்லாச் சொன்னே. அவன் நொண்டிக்கிட்டு ஆடினதை அப்படியே பார்த்த மாதிரி இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் வெளியே வந்தது அழுகை. முந்தானை இல்லாத ஊர். போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புல்கட்டு தீரப்போவதையும் டெஸ் சொன்ன திங்கட்கிழமையையும் அவரிடம் சொன்னாள்.

ஆரின் கோப்பையை நல்ல கையால் ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அதுக்குப் பயந்துதான் வாயைத் திறக்கலே" என்றார். "ஒண்ணும் இல்லேன்னு யாராவது ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிட்டா கேட்டைத் திறந்துதான் ஆகணும். மாடு கத்தறப்போ அதுதான் நியாயம். நீ பொய் சொல்ற வரைக்கும் புல்லு பத்திரமா இருந்துச்சு."

இவ்வளவு பேசியதிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. விழுந்ததிலிருந்து பாதி வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிடும். அவள் காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்காத மனிதர். ஆஸ்பத்திரியில் தாகம் எடுத்தபோதுகூடத் தண்ணீர் வேண்டுமென்று கேட்டதில்லை. இப்போது அவர் உதடு எதையோ தேடுவதைப் பார்த்து அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"படுத்த நாள்லேருந்து உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு..." நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பசுவை வித்துரு, வெர்லீன். டெஸ்கிட்ட நான் பேசிக்கறேன். நான் போனதுக்கு அப்புறமும், எதுவுமே வராட்டியும், ஜூலை வரைக்கும் அந்தப் புல்லை அப்படியே விட்டுரு."